உரிய வழியாகத் தாவுதல்

வண்ணார்பேட்டையில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், தாமிரபரணி நீர்வழி வரைபட மின்காப்பகம் என்று ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. ஆற்றிலிருந்து பிரிகிற கால்வாய், கிளைவாய்க்கால், மடை, ஓடை அத்தனைக்கும் உள்ள பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட்கிற பொதுமக்களுக்கு உடனடியாக நகல் கொடுப்பதற்காக அதைத் தொடங்கினார்கள். ஏற்றிவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. 'உடனடியாக' என்ற சொல்லையும் பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்தச் சொல்லை அவர்கள் தொந்தரவு செய்யவில்லை.

படங்களை ஏற்றிய ஒப்பந்தக்காரர் விவரம் தெரியாத மனிதர். ஊர்ப்பெயரில் போல்டர் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்பாசமுத்திரத்துப் படம் அம்பாசமுத்திரம் என்ற போல்டரில், கொற்கைப் படம் கொற்கை என்ற போல்டரில். இயக்குநர் மகாராஜன் திரையை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார்.

"ஊரெல்லாம் இருக்கு. இதுல நான் எங்கனவே இருக்கேன்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஒரு மாதம் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் மாற்றினார்கள். முதலில் 'இயக்குநர்' என்ற போல்டர். அதற்குள் 'இணை இயக்குநர்'. அதற்குள் 'துணை இயக்குநர்'. இப்படியே ஒருவர் வயிற்றுக்குள் ஒருவராக இறங்கி, பதின்மூன்றாவதாக 'இளநிலை உதவியாளர்' போல்டருக்குள் போனால் அங்கே ஊர்களும் வாய்க்கால்களும் கிடக்கும். ஒவ்வொரு போல்டரையும் திறக்குமுன் நுழைவுப் பதிவேட்டில் காரணம் எழுதி, அந்தந்த அலுவலரிடம் பேனாவால் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே.

பதின்மூன்று பதவிகளில் ஐந்து காலி. அதில் நான்கைக் கண்காணிப்பாளர் கணேஷ்ராம் கூடுதல் பொறுப்பாகச் சுமந்துகொண்டிருந்தார். ஆகவே உதவி இயக்குநர் (பொறுப்பு) கணேஷ்ராம், கண்காணிப்பாளர் கணேஷ்ராமுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவார். பதில் வர ஒரு வாரம் ஆகும். ஒருமுறை பதில் திருப்தியாக இல்லையென்று அவருக்கே நினைவூட்டல் அனுப்பிவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். ஐந்தாவது காலியிடத்தை ஏற்க ஆளில்லை. அந்த போல்டரைத் திறக்க வேண்டுமானால் காலி நாற்காலிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், பிறகு 'காலியிடம்' என்ற முத்திரையைக் குத்திக்கொள்ளலாம் என்று வாய்மொழி உத்தரவு.

இந்த அலுவலகத்துக்குத்தான் இசக்கித்தாய் ஒரு பன்னிரண்டாம் தேதி காலை படியேறி வந்தாள். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்று நடவு, களையெடுப்பு, கிடைத்த கூலி வேலை. புருஷன் இல்லை. இரண்டு அறையில் கான்கிரீட் போட்ட வீடு ஒன்று கட்டியிருந்தாள், அதுதான் அவளுக்கு இருந்த எல்லாமும். அந்த வீடு வாய்க்கால் மேல் கட்டப்பட்டிருக்கிறது, இருபதாம் தேதி இடிக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் காப்பகத்தின் பழைய வரைபட நகலைக் காட்டவும் என்று அவளுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. அனுப்பியது இதே காப்பகம்.

"வாய்க்கா என் வீட்டுக்கு வடக்க கிடக்குய்யா. செடி மூடிக் கிடக்கு, அவ்வளவுதான்" என்றாள் கணேஷ்ராமிடம். "நோட்டீசு அனுப்புனதும் நீங்க. மேப்பு வச்சிருக்கதும் நீங்க. ஒருக்கா எடுத்துப் பாத்துட்டு அனுப்பியிருக்கலாம்லா?"

"நோட்டீசு அனுப்புனது அமலாக்கப் பிரிவும்மா. மேப்பு வச்சிருக்கது ஆவணப் பிரிவு."

"ரெண்டுக்கும் யாரு அதிகாரி?"

"நாந்தான். ஆனா அமலாக்கத்துல இருக்கும்போது ஆவணத்தப் பாக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பாத்தா என்மேல நானே நடவடிக்கை எடுக்கணும்."

"நகலு எப்பக் கிடைக்கும்?"

"முப்பது வேலை நாள்."

"இருவதாந்தேதி இடிக்கப் போறாவளேய்யா!"

கணேஷ்ராம் ஆறுதலாகவே சொன்னார்: "இடிச்சதுக்கு அப்புறம் வந்தாலும் நகல் செல்லும்மா. நகலுக்குக் காலாவதி கிடையாது."

இசக்கித்தாய் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நோட்டீஸை மடித்து, மடித்து, தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்தாள். எதிரே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நித்யாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நித்யா பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்த ஆபரேட்டர். தினமும் புதிதாக ஸ்கேன் செய்த படங்களைப் பதின்மூன்றாவது போல்டரில் வைப்பது அவள் வேலை. அலுவலர்கள் சொன்னபடி செய்திருந்தால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளின் படத்தையே இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அவள் ஒன்று செய்தாள். கம்ப்யூட்டரில் எழுத்து மட்டும் ஓடுகிற கறுப்புத் திரை ஒன்று உண்டல்லவா, அதில் இயங்குகிற குட்டிக் கருவி ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டாள். உலகத்தில் எங்கோ யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாக எழுதிப் போட்டது. ஒரு போல்டரில் நின்றுகொண்டு அதற்கு ஒரு சின்னப் பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் போதும். பிறகு எங்கிருந்தாலும் 'தாவு' என்று அடித்து அந்தச் சின்னப் பெயரையும் அடித்தால் நேரே அங்கே போய் நிற்கலாம். கதவு தட்ட வேண்டாம், கும்பிட வேண்டாம்.

நித்யா தாவினாள். இசக்கித்தாயின் ஊர்ப் படத்தைத் தேடி, அச்செடுத்து, கையில் கொடுத்தாள். அச்சு இயந்திரம் சூடாவதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"யக்கா, இதக் கொண்டுட்டுப் போங்க. இந்த நீலக்கோடுதான் வாய்க்கா. உங்க மனைக்கு வடக்கதான் போவுது, நீங்க சொன்னது சரிதான்."

இசக்கித்தாய் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தோடு படியிறங்கிப் போயிருக்கலாம். ஆனால் நகலில் வட்ட முத்திரை இல்லாவிட்டால் செல்லாதென்று நோட்டீஸிலேயே எழுதியிருந்தது. அவள் வெள்ளை மனதோடு கணேஷ்ராமிடமே போனாள்.

"ஸார், மேப்பு வந்துட்டு. ஒரு சீல் வைங்க."

கணேஷ்ராம் கடிகாரத்தைப் பார்த்தார். மனு வந்தது பதினொன்று பத்து. இப்போது பதினொன்று இருபது. நுழைவுப் பதிவேட்டைப் புரட்டினார். வெள்ளையாக இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் நேரே இயக்குநர் அறைக்கு ஓடினார்.

மகாராஜன் நித்யாவைக் கூப்பிட்டுவிட்டார். அவர் மெதுவாகப் பேசினாலே கீழே மெத்தைக் கடையில் விலை கேட்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அன்று அவர் மெதுவாகப் பேசவில்லை.

"உள்ள போன பதிவு இல்ல. வெளிய வந்த பதிவும் இல்ல. அப்ப நீ இப்ப எங்கன இருக்க?"

"இங்கனதான ஸார் நிக்குதேன்."

"அது உடம்பும்மா. நான் பதிவேட்டுப்படி கேக்குதேன்."

"பதிவேட்டுப்படி அவ உள்ளயே போகல ஸார்" என்றார் கணேஷ்ராம்.

"உள்ள போகாதவ படத்த எப்படிவே வெளிய கொண்டாந்தா?"

நித்யா கருவியைப் பற்றி விளக்கினாள். அவள் சொன்னதில் மகாராஜனுக்கு ஒரே ஒரு சொல்தான் விளங்கியது.

"தாவுனியா? என்னத் தாவியா?"

நகலைப் பறிமுதல் செய்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இசக்கித்தாய் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகை அலுவலக நேரத்துக்குள் வருவதால் அதையும் மனுவாக எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு உதவியாளர் படிவம் கொண்டுவந்து நீட்டினார். 

ஒழுங்கு கெட்டுவிட்டது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. நித்யா முறையாக வெளியே வந்தாக வேண்டும். பதினான்காம் தேதி பதின்மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். கம்ப்யூட்டரை நடுவில் வைத்தார்கள். அவள் ஒவ்வொரு போல்டராக மேலேறி வர வேண்டும், அந்தந்த அலுவலர் எழுந்து நின்று "வெளியேற அனுமதிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

"ஸார், மேல ஏறி வரணும்னா நான் மொதல்ல உள்ள இருக்கணுமே?" என்றாள் நித்யா.

கூட்டம் யோசித்தது. உரிய வழியாக உள்ளே போக முப்பது வேலை நாள் ஆகும். ஆகவே, முறையாக வெளியே வரும் பொருட்டு உள்ளே போவதற்கு மட்டும் ஒரு தடவை தாவிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்துத் தீர்மானம் எழுதினார்கள். நித்யா தாவினாள். பிறகு கறுப்புத் திரையில் இரண்டு புள்ளி தட்டி ஒரு போல்டர் மேலே ஏறினாள். இளநிலை உதவியாளர் எழுந்து அனுமதித்தார். இன்னும் இரண்டு புள்ளி. கணேஷ்ராம் எழுந்து அனுமதித்துவிட்டு, அடுத்த நாற்காலிக்கு ஓடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து அனுமதித்தார். ஐந்து நாற்காலி அப்படி ஓடினார், பாவம், கனத்த உடம்பு. ஒன்பதாவதாகக் காலி நாற்காலி. எல்லாரும் ஐந்து நிமிடம் அமைதியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் அணைந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கி, சாயங்காலம் நான்கரைக்கு நித்யா வெளியே வந்தாள். அவளுக்குப் பசி உயிர் போனது. இசக்கித்தாய் பெஞ்சிலிருந்து தன் தூக்குவாளியில் இருந்த புளிச்சோற்றைப் பாதி எடுத்து மூடியில் வைத்து நீட்டினாள்.

"எந்தப் பொந்துக்குள்ள யம்மா போயிட்டு வந்த? இத்தன பேரு இழுத்து வெளிய விடுதாவ?" என்று கேட்டாள். நித்யா சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி விசாரணை. விசாரணை அலுவலராக ஓய்வுபெற்ற வருவாய் அதிகாரி அனந்தநாராயணன் வந்தார். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். காப்பி சூடாக இருக்கிறதென்று வாயால் சொன்னால் ஊதாமல் குடிப்பவர். நேர்மையானவர் என்று பெயர், அதனாலேயே யாரும் அவரை விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. குற்றச்சாட்டு: மேலதிகாரிகளைத் தாண்டிச் சென்றது.

மகாராஜன் சாட்சியம் சொல்ல எழுந்தார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"இந்த ஆபீசுல நான் எதுக்கு இருக்கேன்? ஒரு படம் வெளிய போகணும்னா அது என்னத் தாண்டித்தான் போகணும். ஆனா என்னத் தாண்டிப் போயிரக் கூடாது. இதுதான் நிர்வாகம். ஆறு வருஷமா ஒரு படம்கூட என் அனுமதி இல்லாம வாசப்படி தாண்டுனது கிடையாது."

"அனுமதியோட எத்தனை போயிருக்கு?" என்று கேட்டார் அனந்தநாராயணன்.

மகாராஜன் கணேஷ்ராமைப் பார்த்தார்.

"ரெண்டு ஸார்" என்றார் கணேஷ்ராம். "ஒண்ணு தொடக்க விழாவுக்கு. இன்னொண்ணு அதோட ஒத்திகைக்கு."

அனந்தநாராயணன் எழுதிக்கொண்டார். "தாவினதற்கு ஆதாரம் வேணும். எந்தெந்த இடத்துக்குத் தாவினாள்னு அந்தக் கருவியிலே பட்டியல் இருக்குமா?"

நித்யா அவசரமாகக் கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றாள். "இருக்கு ஸார். ஆனா அது வேண்டாம் ஸார்" என்றாள்.

வேண்டாமென்றால் விடுவார்களா? சுவரில் வெள்ளைத் திரை கட்டிப் பட்டியலைப் போடச் சொன்னார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் இல்லையென்றால் அவர் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். ஓர் அலுவலகத்தில் எல்லாருக்கும் எல்லாருடைய பட்டப்பெயரும் தெரியும், தன்னுடையதைத் தவிர. மற்ற போல்டர்களிலும் அவ்வப்போது வேலை வந்ததால் நித்யா பதின்மூன்றுக்கும் சின்னப் பெயர் வைக்க வேண்டியிருந்தது; அதற்காகத் தனியாக யோசிக்கவில்லை. அலுவலகத்தில் எப்போதும் புழங்குகிற பெயர்களையே வைத்துவிட்டாள்.

திரையில் முதல் வரி வந்தது. இடது பக்கம் 'பைய', வலது பக்கம் துணை இயக்குநரின் போல்டர். எதைக் கேட்டாலும் அவசரப்படாமல் "பைய பாப்போம்" என்கிறவர் அவர். அறை முழுக்கச் சிரித்தது. துணை இயக்குநர் மட்டும் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்து 'அப்பளம்'. ஒரு சொல் பொறுக்காமல் நொறுங்கிப்போகிற இணை இயக்குநர். பெயருக்கு ஏற்றபடியே நொறுங்கி எழுந்து வெளியே போய்விட்டார். 'அஞ்சு நாக்காலி' என்று வந்ததும் கணேஷ்ராம் சிரிப்பதை நிறுத்தினார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது மகாராஜன்தான். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கீழே மெத்தைக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். அப்போது கடைசி வரி வந்தது. 'வெண்கலம்'. வலது பக்கம், 'இயக்குநர்'.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எல்லார் தோளிலும் தெரிந்தது.

"இது... இது அவமதிப்பு!" என்று மகாராஜன் கத்தினார். வெண்கலம்தான் என்பதில் அதுவரை சந்தேகம் இருந்தவர்களுக்கும் அது தீர்ந்தது.

அனந்தநாராயணன் அசையவில்லை. "ஆத்திரப்படாதீர்கள். குற்றம் நிரூபணம் ஆகும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். வெண்கலம் என்ற இடத்தைத் தாண்டினாள், அது எழுத்தில் இருக்கிறது. ஆனால் குற்றச்சாட்டு போல்டரைத் தாண்டியதாக இல்லை, அலுவலரைத் தாண்டியதாக. வெண்கலம் என்பது யார் என்று ஆவணத்தில் இல்லையே? 'வெண்கலம் என்பது நானே' என்று நீங்கள் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பணிப்பதிவேட்டிலும் ஏற்றிவிடலாம்."

"பணிப்பதிவேட்டிலயா?"

"பிறகு எந்த உத்தரவிலும் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிடும். பென்ஷன் புத்தகம் வரைக்கும்."

படிவத்தை எல்லாருக்கும் மும்மூன்று பிரதியாக நீட்டினார். மகாராஜன் கையெழுத்துப் போடவில்லை. துணை இயக்குநர் பைய பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்து, சட்டென்று மூடிக்கொண்டார். கணேஷ்ராம் ஐந்து பதவியிலும் மறுத்தார்.

"அப்படியானால் யாரும் தாண்டப்படவில்லை" என்று அனந்தநாராயணன் எழுதத் தொடங்கினார். "யாரையும் தாண்டாததால் தாவல் நடக்கவில்லை. தாவல் நடக்காததால் படம் உரிய வழியாகவே வெளியே வந்திருக்க வேண்டும். உரிய வழியாக வந்ததென்றால் பதிவேட்டில் எல்லாருடைய கையெழுத்தும், நகலின் பின்பக்கம் அதற்கான சான்றும் இருக்க வேண்டும். இல்லையே? போடுங்கள்."

போட்டார்கள். முந்தைய தேதி போடலாமா என்று கணேஷ்ராம் மெதுவாகக் கேட்டதற்கு அனந்தநாராயணன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். வெளியே போன இணை இயக்குநரையும் கூட்டி வந்து, அன்றைய தேதியிலேயே பன்னிரண்டு கையெழுத்து, ஒரு காலியிட முத்திரை, ஒரு வட்ட முத்திரை. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம், நகல் இசக்கித்தாய் கைக்கு வந்துவிட்டது. நித்யாவை வேலையைவிட்டு நீக்கலாமென்று மகாராஜன் நினைத்தார். நீக்கல் உத்தரவின் மாதிரிப் படிவம் பதினோராவது போல்டரில் இருந்தது. அதை எடுத்துத் தர அவளால்தான் முடியும் என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

இருபதாம் தேதி காலையில் இசக்கித்தாய் வீட்டு முன்னால் ஜேசிபி வந்து நின்றது. கூடவே காப்பகத்தின் சர்வேயர் தேவேந்திரன். இசக்கித்தாய் நிம்மதியாகத்தான் நகலை நீட்டினாள். அவர் முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பினார், கையெழுத்துகளை விரல் வைத்து எண்ணினார்.

"போலி" என்றார்.

"என்ன ஸார் சொல்லுதிய!"

"பன்னெண்டு கையெழுத்து. எல்லாம் ஒரே தேதி. இருவது வருஷமா இந்தச் சர்வீசுல இருக்கேன்மா. என் கல்யாணத்துக்கு லீவு கேட்டு ஏழு கையெழுத்து வாங்குததுக்குள்ள பிள்ள பொறந்துட்டு. ஒரே நாள்ல பன்னெண்டா? யாருகிட்ட காது குத்துத?"

 எட்டு நாள் பஸ்ஸேறி அலைந்தது எல்லாம் இந்த ஒரு தாளுக்கு. இசக்கித்தாய் வடக்கே கையைக் காட்டினாள்.

"தாளு போலின்னே வச்சுக்கிடுங்க. அந்தா, அந்த ஆமணக்குச் செடிக்குப் பக்கத்துல, அங்கனதான் வாய்க்கா. நாலு எட்டு வச்சுப் போயி மிதிச்சுப் பாருங்க ஸார். உங்களக் கும்பிடுதேன்."

"மிதிச்சுப் பாக்க எனக்கு உத்தரவு இல்ல" என்றார் தேவேந்திரன். நோட்டீஸின் பின்னால் அமலாக்கப் பிரிவு வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டி, "இதுல அங்கன தரை" என்றார். பிறகு வண்டிக்குக் கையைக் காட்டினார்.

வீட்டுச் சுவரை இடிக்க ஜேசிபிக்குக் கொஞ்சம் திரும்ப இடம் வேண்டியிருந்தது. டிரைவர் பின்னால் எடுத்தார். ஆமணக்குச் செடி சாய்ந்தது. அதற்கப்பால் கோரையும் கொடியும் படர்ந்து பச்சைப் பாய் விரித்தாற்போல் இருந்தது. பின்சக்கரம் அதன்மேல் ஏறி, ஏறியதும் தெரியாமல் இறங்கி, வண்டி அப்படியே பின்பக்கம் குந்தி உட்கார்ந்தது. சளக்கென்று சேறு தெறித்தது. பத்துப் பன்னிரண்டு தவளைகள் வெளியே குதித்தன.

"அண்ணாச்சி, வாய்க்கா!" என்று டிரைவர் மேலிருந்து கத்தினார்.

"இங்கன வாய்க்கா கிடையாதுவே. படத்துல இல்ல."

"முட்டளவு தண்ணி ஓடுது அண்ணாச்சி!"

தேவேந்திரன் ஓரமாக நின்று யோசித்தார். வண்டியைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டும். அதைக் கேட்டு எழுத ஒரு காரணம் வேண்டும். டிரைவர் தவறு என்று எழுதினால் டிரைவர் சங்கம் வரும். தரை உள்வாங்கியது என்று எழுதினால் சென்னையிலிருந்து நிபுணர் குழு வரும், அவர்களை அழைத்துக்கொண்டு அவர்தான் அலைய வேண்டும். வாய்க்காலில் இறங்கியது என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். ஜேசிபியின் முன் இரும்பில் தாளை வைத்து எழுதினார்: 'மேற்படி இசக்கித்தாய் வீட்டுக்கு வடக்கே பதினெட்டு அடியில் ஓடும் வாய்க்காலில் வண்டி இறங்கிவிட்டது.' எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒரே வாய்க்கால் இரண்டு இடத்தில் ஓடாது. பெருமூச்சு விட்டு, அடியில் இன்னொரு வரியும் சேர்த்தார்: 'ஆகவே வீடு வாய்க்கால் மேல் இல்லை.' கையெழுத்துப் போட்டார். அதன் நகலை அங்கேயே, கையால் எழுதி, இசக்கித்தாயிடம் கொடுத்தார்.

அவள் அதை வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. சேற்றில் குந்தியிருந்த ஜேசிபியைப் பார்த்தாள்.

"அந்த வண்டிக்கு ஒரு பூச்சரம் வாங்கிப் போடணும் ஸார்" என்றாள். "உங்க ஆபீசுல இருந்து வாய்க்காலை நேர்ல வந்து பாத்தது அது ஒண்ணுதான்."